சர்வரில் இருப்பவரைக் கூப்பிட எது சரி: ரைட், வால், டாக், ஐஆர்சி, இன்னும் சில

சர்வர் திடீரென்று நொண்ட ஆரம்பிக்கிறது. ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்துக் கட்டளையைத் தட்டினால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிகிறது. இன்னும் கொஞ்சம் துழாவினால், ஒருவர் ஓடவிட்ட புரோகிராம் மெமரி முழுவதையும் விழுங்கிக்கொண்டிருப்பதும் தெரிகிறது. அவர் கடைசியாகக் கீபோர்டைத் தொட்டு 2 நிமிடம்தான் ஆகிறது. ஆள் அங்கேயேதான் இருக்கிறார். ஆனால் அவருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. இருப்பது லாகின் பெயர் மட்டும். அவர் பக்கத்து அறையில் இருக்கிறாரா, வேறு ஊரிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினுக்குள் பாதுகாப்பாக லாகின் செய்யும் வழி) மூலம் வந்திருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது.

சர்வரைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். கறுப்புத் திரையில் வேலை செய்பவருக்கு, இன்னொரு கறுப்புத் திரையிலிருந்து, இந்த நிமிடமே எப்படிச் சொல்வது? வழி இல்லாமல் இல்லை. 1971-இல் வந்த, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இதற்கு ஒரு கட்டளை இருந்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவை ஏராளம். எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம், அதிலும் பழைய புத்தகங்களைப் பார்த்துச் செய்தால் 2024-க்குப் பிறகு சில வேலையே செய்வதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. நீங்கள் வாசலில் நின்று கூப்பிடப் போகிறீர்களா, திண்ணையில் உட்கார்ந்து பேசப் போகிறீர்களா?

கூப்பிடுவது என்றால் எதிராளி எதையும் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. அவர் செய்யும் வேலைக்கு நடுவே செய்தி போய் விழும். திண்ணைப் பேச்சு என்றால் இரண்டு பேரும் வந்து உட்கார வேண்டும். வராதவர் காதில் விழாது. ரைட்டும் (write) வாலும் (wall) கூப்பிடும் ரகம். ஐஆர்சியும் எஸ்எஸ்எச்-சாட்டும் திண்ணை. டாக் நடுவில் நிற்கிறது: கூப்பிடும், வந்தால் பேசலாம். “எது நல்ல சாட்?” என்று கேட்டு ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவைக் கவனிப்பதில்லை. திண்ணை போட்டுவிட்டு, அவசரத்துக்கு ஆள் வரவில்லையே என்று நொந்துகொள்கிறார்கள்.

அடுத்தது, எல்லோரும் ஒரே மெஷினில் இருக்கிறார்களா, பல மெஷின்களிலா என்பது. பிறகு, அனுப்பியவர் பெயரை நம்பலாமா? சொன்னதற்குப் பதிவு இருக்குமா? இது சின்ன விஷயம் போலத் தெரியும். “எனக்குச் சொல்லவே இல்லையே” என்று ஒருவர் வந்து நிற்கும் நாளில்தான் அதன் அருமை தெரியும். அப்புறம், ரூட் (சர்வரின் முழு அதிகாரமும் உள்ள கணக்கு) அனுமதி, திறக்க வேண்டிய போர்ட், ஓட்ட வேண்டிய சர்வீஸ் என்று நிர்வாகி தலையில் எவ்வளவு விழுகிறது?

கடைசியாக நம் ஆட்களுக்கென்று ஒரு கேள்வி: தமிழில் எழுதினால் தமிழாகப் போய்ச் சேருமா?

## ரைட்

லினக்ஸில் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு டெர்மினலும் ஒரு கோப்பு. அந்தக் கோப்பில் நான் ஒரு வரி எழுதினால் அது உங்கள் திரையில் தெரியும். ரைட் செய்வது அவ்வளவுதான். கோப்பு உங்களுக்குச் சொந்தம்; ‘டிடிஒய்’ என்ற குழுவுக்கு அதில் எழுதும் அனுமதி உண்டு; ரைட் அந்தக் குழுவின் அதிகாரத்தோடு ஓடும். தொந்தரவு வேண்டாம் என்றால் ‘மெஸ்ஜ்’ கட்டளையை ‘என்’ என்ற எழுத்தோடு கொடுத்து அந்த அனுமதியை எடுத்துவிடலாம். கதவைச் சாத்துவது மாதிரி.

பயன்படுத்துவதும் சுலபம். கட்டளைக்குப் பிறகு லாகின் பெயர், என்டர், பிறகு சொல்ல வேண்டியது. ஒவ்வொரு வரியும் என்டர் தட்டியதும் போகும். கன்ட்ரோல்-டி தட்டினால் முடிந்தது. எதிர்ப்பக்கம் யாரிடமிருந்து, எந்த டெர்மினலிலிருந்து, எத்தனை மணிக்கு என்று ஒரு தலைப்பு வரியோடு தெரியும். அந்தப் பெயரைக் கட்டளையே போடுவதால், வேறொருவர் பெயரில் அனுப்புவது சாதாரணப் பயனாளருக்கு எளிதல்ல.

அவர் பதில் சொல்ல வேண்டுமானால் அவரும் உங்களுக்கு ரைட் போட வேண்டும். அப்போது இரண்டு பேர் வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து குழம்பும். அதற்காகவே ஒரு பழைய மரியாதை உண்டு: “நீங்கள் பேசுங்கள்” என்பதற்கு வரி முடிவில் ஒரு ‘ஓ’, “அவ்வளவுதான்” என்பதற்கு இரண்டு ‘ஓ’. வாக்கிடாக்கியில் போலீஸ்காரர்கள் ‘ஓவர்’ சொல்வதே இங்கே எழுத்தாகிவிட்டது.

ஒருவர் மூன்று டெர்மினல் திறந்து வைத்திருந்தால் எதற்குப் போகும்? கடைசியாக எதில் தட்டினாரோ அதற்கு. ஐம்பது வருடப் பழைய கட்டளைக்கு நல்ல புத்திதான்.

இனி மறைமுகச் செலவுகள். செய்தி திரையில் கண்ட இடத்தில் விழும். எதிராளி விம் என்ற எடிட்டரைத் திறந்து வைத்திருந்தால், அவருடைய கோப்பின் நடுவே உங்கள் வாக்கியம் குந்திக்கொள்ளும். கோப்பு கெடாது, கன்ட்ரோல்-எல் தட்டினால் திரை சரியாகிவிடும். ஆனால் அதை அறியாதவர் பதறிப்போய் அந்த வரிகளை அழிக்கப் பார்த்துத் தன் சொந்த வரிகளை அழிப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கே நடந்தது இது. மெமரியைத் தின்னும் புரோகிராமை நிறுத்தும்படி ஒருவருக்கு ரைட் அனுப்பினேன், 10 நிமிடம் காத்தேன், பதில் இல்லை, நானே நிறுத்திவிட்டேன். அவர் டீ குடிக்கப் போயிருந்திருக்கிறார். திரும்பி வந்து ஒரு விசை தட்டியதும் விம் திரையைப் புதிதாக வரைந்துவிட்டது. என் செய்தி போன இடம் தெரியவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். சொன்னேன் என்று காட்ட என்னிடமும் எதுவும் இல்லை. ரைட் எங்கேயும் பதிவு வைப்பதில்லை.

தமிழ்? பல பழைய பதிப்புகளில் ரைட் ஒவ்வொரு பைட்டாகப் பார்த்து, ஆங்கில எழுத்து அல்லாததை எண்ணாக மாற்றிவிடும். நீங்கள் “வணக்கம்” என்று அனுப்பினால் எதிராளி திரையில் \340\256\265 என்று ஆரம்பித்து ஒரு நீளமான எண் வரிசை வரும். அந்த மூன்று எண்ணும் சேர்ந்ததுதான் ‘வ’. மீதி ஆறு குறிகளுக்கும் இதேபோல் மும்மூன்று. கிருமி ஏதோ வந்துவிட்டது என்று பயப்படாமல் இருந்தால் சரி.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 2024-இல் வந்தது. அதை வாலோடு சேர்த்துச் சொல்வதுதான் பொருத்தம்.

## வால்

வால் என்பது தண்டோரா. லாகின் செய்திருக்கும் எல்லோர் திரையிலும் ஒரே நேரத்தில் விழும். ரூட் போட்டால், கதவைச் சாத்தியவர்களுக்கும் விழும். இப்போதைய லினக்ஸ் பதிப்பில் ஒரு குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் அனுப்பும் வசதியும் இருக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்த வேண்டும்.

வால் ஒரு மெஷினுக்குள் மட்டும்தான் கேட்கும். பல மெஷின்களுக்கு என்று ஒரு காலத்தில் ‘ஆர்வால்’ இருந்தது. அதன் கதை பிரபலம். 1987 மார்ச் 31-ஆம் தேதி, பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஜோர்டன் ஹப்பர்ட், தங்கள் வளாகத்து மெஷின்களுக்கு ஒரு செய்தி சொல்ல ஆர்வால் போட்டார். அது வளாகத்தோடு நிற்கவில்லை. அன்றைய இணையத்தில் இருந்த மெஷின்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. பர்டூவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் ஆட்கள் என்ன இது என்று கேட்ட பிறகுதான் அவருக்கே விஷயம் புரிந்து நிறுத்தினார். அதற்குள் வந்து குவிந்த கடிதங்கள் 743. பிற்பாடு ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர்.

வாசலில் நின்று கூப்பிடும் வசதியை யாருக்கும் திறந்துவிட்டால் இப்படித்தான் ஆகும் என்பதற்கு விண்டோஸிலும் சாட்சி உண்டு. எக்ஸ்பி காலத்தில் ‘நெட் சென்ட்’ போட்டால் எதிர் மெஷினில் பெட்டி ஒன்று எழும்பும். கல்லூரி லேப்களில் பக்கத்து வரிசைக்காரரைச் சீண்டப் பயன்பட்டது. ஆனால் இணையத்தில் விளம்பரக்காரர்களும் அதே கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். 2004-இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகவே மூடி வைத்தது. விஸ்டாவில் அந்தச் சர்வீஸே இல்லை.

லினக்ஸின் முறை 2024 மார்ச்சில் வந்தது. வால் கட்டளை, செய்தியைக் குழாய் வழியாகக் கொடுத்தால் அதில் உள்ள கட்டுப்பாட்டு எழுத்துகளை வடிகட்டும். கட்டளை வரியிலேயே கொடுத்தால் வடிகட்டாமல் விட்டுவிடும். 2013-இலிருந்து அப்படியே இருந்திருக்கிறது, 11 வருடம் யார் கண்ணிலும் படவில்லை. ‘வால்எஸ்கேப்’ என்று அதற்குப் பெயர். கட்டுப்பாட்டு எழுத்து என்றால் திரையை அழிக்கும், கர்சரை நகர்த்தும், நிறம் மாற்றும். ஆக, அதே சர்வரில் இருக்கும் ஒருவர் உங்கள் திரையைத் துடைத்துவிட்டு, ரூட் அதிகாரம் தரும் சூடோ கட்டளை கேட்பது போலவே பாஸ்வேர்டு கேட்கும் வரியைப் போட முடியும். நீங்கள் நம்பித் தட்டினால் அது ஷெல்லுக்கு (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஒரு கட்டளையாகப் போகும். உபுண்டு 22.04-இல், தெரியாத கட்டளை வந்தால் “எந்தப் பேக்கேஜில் இருக்கிறது” என்று தேடும் உதவி நிரல் ஒன்று ஓடும்; அது எதைத் தேடுகிறது என்பது புராசஸ் பட்டியலில் மற்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் பாஸ்வேர்டு.

ஓட்டையை அடைத்ததோடு டெபியனும் உபுண்டுவும் நிற்கவில்லை. ரைட், வால் இரண்டிலிருந்தும் அந்த ‘டிடிஒய்’ குழு அதிகாரத்தையே எடுத்துவிட்டன. விளைவு: இந்த இரண்டு இயங்குதளங்களிலும், அப்டேட் செய்த சர்வரில் சாதாரணப் பயனாளர் இன்னொருவரை ரைட் போட்டுக் கூப்பிட முடியாது. ரூட் மட்டும் முடியும். “புத்தகத்தில் இருக்கிறபடிதான் செய்கிறேன், வரவில்லை” என்பவர்களுக்குப் பதில் இதுதான். உங்கள் சர்வரில் எப்படி என்று அறிய ரைட் கோப்பின் அனுமதிகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். நடுப் பகுதியில் ‘எஸ்’ எழுத்து இருந்தால் பழைய வழக்கம், இல்லையென்றால் புதியது.

அந்த அதிகாரத்தைத் திரும்பக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நான் கொடுக்க மாட்டேன். 40 பேர் இருக்கும் சர்வரில் 40 பேரும் நல்லவர்கள் என்று கையெழுத்துப் போட நான் தயாராக இல்லை.

பல மெஷின்களுக்குச் சொல்ல ஆர்வாலை இன்று யாரும் தொடத் தேவையில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் எஸ்எஸ்எச் போட்டு அங்கே வால் ஓட்டும் நாலு வரி ஸ்கிரிப்ட் போதும், பல மெஷின்களை ஒரே இடத்திலிருந்து ஆளும் ஆன்சிபிள் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஆனால் மெஷின் பட்டியலை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஹப்பர்டுக்கு நடந்தது பட்டியல் கோளாறுதான்.

சர்வரை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் வால் தனியாகப் போட வேண்டியதே இல்லை. ‘ஷட்டவுன்’ கட்டளையில் நேரத்தையும் காரணத்தையும் கொடுத்தால் அதுவே தண்டோரா போடும். கடைசி 5 நிமிடத்தில் புதிதாக யாரையும் உள்ளே விடாது. நிறுத்தாமல் எச்சரிக்கை மட்டும் அனுப்ப அதிலேயே ‘கே’ என்ற விருப்பம் உண்டு.

## டாக்

டாக் பார்க்க அழகானது. 1983-இல் 4.2பிஎஸ்டியோடு வந்தது. திரை குறுக்கே இரண்டாகப் பிரியும்; மேலே நீங்கள், கீழே அவர். என்டர் தட்டத் தேவையில்லை, ஒவ்வொரு எழுத்தும் தட்டத் தட்டப் போகும். எதிராளி எழுதி, யோசித்து, அழித்து, வேறு மாதிரி எழுதுவது எல்லாம் கண் முன்னே நடக்கும். இன்றைய சாட் செயலிகளில் “டைப் செய்கிறார்” என்று மூன்று புள்ளி ஆடுகிறதே, அதைவிட நெருக்கமான அனுபவம் இது. இரண்டு பேருக்கு மேல் பேச ஒய்டாக் வந்தது. டெக் நிறுவனத்தின் விஎம்எஸ் இயங்குதளத்தில் ‘போன்’ என்று இதே மாதிரி ஒன்று இருந்தது.

இரண்டு வெவ்வேறு மெஷின்களுக்கு இடையே நேரடியாகப் பேச முடிந்தது இதன் பெரிய பலம். பலவீனமும் அங்கேதான். இரு பக்கமும் டாக் டீமன் (பின்னணியில் காத்திருக்கும் நிரல்) ஓட வேண்டும். அழைப்பு யூடிபியில் 517 அல்லது 518 போர்ட்டுக்குப் போகும். பேச்சு முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு டிசிபி போர்ட்டில் நடக்கும். ஃபயர்வால் வைத்திருக்கும் எவரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். இரண்டு போர்ட் எண் ஏன் என்றால், முதலில் வந்த பதிப்பு எண்களை மெஷினின் சொந்த பைட் வரிசையிலேயே அனுப்பியது. வேக்ஸ் மெஷின்கள் ஒரு வரிசை, சன் மெஷின்கள் இன்னொரு வரிசை, ஒன்று சொன்னது மற்றதற்குப் புரியவில்லை. அதைச் சரிசெய்த புதிய டாக் தனி போர்ட்டுக்குப் போய்விட்டது. இதெல்லாம் போகட்டும் என்றாலும், பேச்சு எந்த மறைப்பும் (என்கிரிப்ஷன்) இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். பழைய டாக்கில் தமிழ் சிதறிவிடும்.

ஆசைக்கு ஒருநாள் இரண்டு மெய்நிகர் மெஷினில் போட்டுப் பாருங்கள். வேலைக்கு வேண்டாம்.

## ஐஆர்சி

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஓய்க்கரினென் எழுதியது. அங்கே ஒரு புல்லட்டின் போர்டில் இருந்த பலர்-பேசும் டாக் நிரலுக்கு மாற்றாக ஆரம்பித்தது. ஆக இதுவும் டாக்கின் குடும்பம்தான். நடுவில் ஒரு சர்வரை வைத்ததும் குணமே மாறிவிட்டது. யாரும் யாருடைய மெஷினையும் நேரடியாகத் தொட வேண்டாம், எல்லோரும் ஓர் அறைக்கு வந்தால் போதும்.

பொதுச் சர்வர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. உங்கள் சர்வரிலேயே சின்னதாக ஒன்றை ஓட்டுவதைச் சொல்கிறேன். என்ஜிஐஆர்சிடி மாதிரி ஒன்று மிகக் கொஞ்ச மெமரியில் ஓடும். அதை 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்கும்படி வைத்தால், சர்வருக்குள் லாகின் செய்தவர்கள் மட்டுமே நுழைய முடியும். வெளியே எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம், மறைப்பு வேலையை எஸ்எஸ்எச்சே பார்த்துக்கொள்கிறது. பயனாளர்கள் இர்சி, வீசாட் மாதிரி டெர்மினலில் ஓடும் ஐஆர்சி கிளையன்ட் ஒன்றைத் திறந்து உட்காரலாம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? முதலில் பெயர். வெறும் ஐஆர்சியில் யார் வேண்டுமானாலும் எந்தப் பட்டப்பெயரும் வைத்துக்கொள்ளலாம். நிர்வாகி பெயரில் ஒருவர் உட்கார்ந்து “எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள்” என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இருக்கும். உள்ளூர் சர்வராக இருந்தால் ஐடென்ட் சர்வீஸ் ஒன்றைக் கூடவே ஓட்டுங்கள். பட்டப்பெயர் எதுவானாலும் பக்கத்தில் உண்மையான லாகின் பெயர் தெரியும்.

அடுத்தது பதிவு. நீங்கள் இல்லாதபோது பேசியது உங்களுக்கு வராது. எல்லோரும் இர்சியை டீமக்ஸுக்குள் (நாம் லாகினை விட்டுப் போனாலும் டெர்மினலை ஓடவைத்திருக்கும் நிரல்) ஓடவிட்டு விலகிப் போய்விடுவது பழைய வைத்தியம். பலன் தரும், ஆனால் புதிதாக வந்தவருக்கு ஐஆர்சியைச் சொல்லிக்கொடுக்கும் முன் டீமக்ஸைச் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும். எர்கோ என்ற சர்வர் பழைய பேச்சைத் தானே வைத்திருந்து கொடுக்கும். பயனாளர்கள் டீமக்ஸ் பழகாதவர்களாக இருந்தால் என்ஜிஐஆர்சிடியை விட்டு இதைப் போடுவதே நிம்மதி.

தமிழ் நன்றாகப் போகும், ஒரு வரம்போடு. ஐஆர்சியில் ஒரு செய்தி 512 பைட்டுக்குள் இருக்க வேண்டும்; அனுப்புபவர் விவரம், அறைப் பெயர் எல்லாம் அதற்குள்ளேயே. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. “வணக்கம்” என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறி; 21 பைட். கணக்குப் போட்டால் ஒரு செய்தியில் தமிழ்ச் சொல் பதினைந்து, இருபதுதான் தேறும். நல்ல கிளையன்ட் தானே வெட்டி இரண்டாக அனுப்பும். மோசமானது அனுப்பியதைச் சர்வர் எழுத்தின் நடுவிலேயே கத்தரித்துவிடும், கடைசியில் ஒரு கேள்விக்குறிச் சதுரம் தொங்கும்.

இதைவிட எரிச்சல் டெர்மினலில்தான். கட்டம் கட்டமாக எழுத்து வைப்பது அதன் வழக்கம். ‘கெ’ என்று தட்டினால் ககரம் முதலில், கொம்பு அதற்குப் பின்னால் என்று நிற்கும். படிக்கலாம், பழகிவிடும், ஆனால் எங்கள் அறையில் பெரும்பாலோர் தங்கிலீஷுக்குப் போனதற்கு இதுதான் காரணம். எந்த சாட் முறையை எடுத்தாலும் இந்தத் தொல்லை டெர்மினலோடு வந்தே தீரும்.

## எஸ்எஸ்எச்-சாட்

கோ மொழியில் எழுதிய ஒரே ஒரு கோப்பு. ஓடவிட்டால் 2022-ஆம் போர்ட்டில் ஓர் எஸ்எஸ்எச் சர்வர் போல நிற்கும். அதற்கு எஸ்எஸ்எச் போட்டால் ஷெல் வராது, சாட் அறை வரும். கிளையன்ட் என்று எதையும் நிறுவ வேண்டாம். எஸ்எஸ்எச் இருக்கும் மெஷின் எல்லாம் கிளையன்ட்தான். பேச்சு மறைக்கப்பட்டே போகும். யார் என்பதை எஸ்எஸ்எச் சாவியை வைத்துச் சரிபார்க்கலாம், தெரிந்த சாவிகளுக்கு மட்டும் அனுமதி என்றும் வைக்கலாம். பல மெஷின்களில் சிதறிக் கிடக்கும் சின்னக் குழுவுக்கு இதைவிட வேகமாக வேறெதையும் நிறுத்த முடியாது. எனக்கு 10 நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் இது ஓபன்எஸ்எஸ்எச் அல்ல, தனி நிரல். அதைத் தனியாக அப்டேட் செய்ய வேண்டும், தனி போர்ட் திறக்க வேண்டும். உள்ளே வந்தால் சமீபத்திய சில வரிகள் தெரியும்; நேற்றுக் காலைப் பேச்சு கிடைக்காது. ஜன்னலை மூடினால் நீங்கள் வெளியே.

## டீமக்ஸும் என்கேட்டும்

இரண்டுமே சாட்டுக்காக வந்தவை அல்ல, ஆனால் சில நேரம் சாட்டைவிட உதவும்.

“என்ன பிழை வருகிறது?” என்று கேட்டு, அவர் எழுதி, நீங்கள் புரிந்துகொள்வதற்குள் விடிந்துவிடும் என்றால் டீமக்ஸ். இரண்டு பேரும் ஒரே செஷனில் சேர்ந்தால் ஒரே திரையைப் பார்க்கலாம், ஒரே பிராம்ப்டில் தட்டலாம். வரிக்கு முன்னால் ஒரு ‘#’ குறி போட்டு அதிலேயே பேசிக்கொள்பவர்களும் உண்டு. விலை என்ன தெரியுமா? உள்ளே வருபவர் உங்கள் பெயரில், உங்கள் அதிகாரத்தில் எதையும் செய்யலாம். பார்க்க மட்டும் அனுமதிக்கும் வழி இருக்கிறது. வேறு பயனாளர் யார் சேரலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. பழைய வழக்கப்படி பொது இடத்தில் சாக்கெட் கோப்பை (செஷனுக்குள் நுழையும் வாசல்) வைத்து எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள்.

நெட்வொர்க்கில் இரண்டு மெஷின்களை இணைக்கும் என்கேட் கட்டளையில் ஒரு சாட் விருப்பம் உண்டு. ஒரு மெஷினில் அதைக் கேட்கவைத்து மற்றவர்கள் இணைந்தால் எல்லோர் வரியும் எல்லோருக்கும் போகும். பெயர் கிடையாது, ‘யூசர்5’ என்றுதான் வரும். வேறு எதுவும் நிறுவ முடியாத மூடிய நெட்வொர்க்கில் அரை மணி நேரத்துக்கு ஓகே.

எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் என்ற பெரிய சாட் முறைகள் இரண்டையும் விட்டது வேண்டுமென்றேதான். டெர்மினல் கிளையன்ட்கள் அவற்றுக்கும் உண்டு. ஆனால் போனிலும் உலாவியிலும் இருக்கும் ஆட்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்றால்தான் அந்தப் பராமரிப்பு பொறுக்கும். அது வேறு முடிவு.

## ஒரே பார்வையில்

| | கூப்பிடுமா | பல மெஷின் | பெயரை நம்பலாமா | பதிவு | தமிழ் | நிர்வாகி வேலை |
|---|---|---|---|---|---|---|
| ரைட் | ஆம் | இல்லை | பெரும்பாலும் | இல்லை | பழைய பதிப்பில் எண்ணாக வரும் | இல்லை; ஆனால் டெபியன், உபுண்டுவில் ரூட் மட்டும் |
| வால் | ஆம், எல்லோரையும் | ஸ்கிரிப்ட் எழுதினால் | பெரும்பாலும் | இல்லை | அனுப்பும் முன் ஒருமுறை சோதியுங்கள் | கொஞ்சம் |
| டாக் | ஆம் | ஆம் | இல்லை | இல்லை | சிதறும் | அதிகம், ஃபயர்வால் சண்டையோடு |
| ஐஆர்சி | இல்லை | ஆம் | ஐடென்ட் இருந்தால் | எர்கோவில் ஆம் | ஆம், நீளம் குறைவு | நடுத்தரம் |
| எஸ்எஸ்எச்-சாட் | இல்லை | ஆம் | சாவி வைத்தால் | சில வரிகள் | ஆம் | கொஞ்சம் |
| டீமக்ஸ் | இல்லை | ஒரே மெஷினில் சேர வேண்டும் | இரண்டு பேரும் ஒரே பெயரில் | திரை வரலாறு மட்டும் | ஆம் | இல்லை |
| என்கேட் | இல்லை | ஆம் | இல்லை | இல்லை | ஆம் | இல்லை |

## யாருக்கு எது

நீங்கள் நிர்வாகி, ஒரே சர்வர், 20 முதல் 50 பேர்: கூப்பிடும் உரிமையை ரூட்டிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இயங்குதளக்காரர்கள் 2024-இல் செய்தது சரி என்பதே என் கட்சி. பேச்சுக்கு உள்ளூர் ஐஆர்சி அறை ஒன்று. ரூட்டாக ஒருவரை ரைட் போட்டுக் கூப்பிட்டால் அதையே மெயிலிலும் ஒரு வரி அனுப்புங்கள். டீக்கடைச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் “சொல்லவில்லை” என்று யாரும் வரவில்லை.

நீங்கள் சாதாரணப் பயனாளர், பக்கத்தில் இருப்பவரின் புரோகிராம் உங்களை நசுக்குகிறது: ரைட் ஒருமுறை முயன்று பாருங்கள். அனுமதி இல்லை என்று வந்தால் நேரே நிர்வாகியிடம் போங்கள். நேரடியாக டெர்மினல் கோப்பில் எழுதிப் பார்க்கும் குறுக்குவழி எதுவும் வேலை செய்யாது. ரைட்டுக்கே மூடிய அதே கதவுதான் அது.

நாலைந்து பேர், ஐந்தாறு மெஷின், எல்லோரும் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர்கள்: எஸ்எஸ்எச்-சாட். ஆறு மாதம் தாண்டி அது நிலைத்துவிட்டால் எர்கோவுக்கு மாறுங்கள்; அப்போது பழைய பேச்சைத் தேட வேண்டிய தேவை வந்திருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு உதவ வேண்டும் என்றால் டீமக்ஸ், அதுவும் அவருடைய செஷனில் நீங்கள் போய்ச் சேருங்கள், உங்களுடையதில் அவரைச் சேர்க்காதீர்கள்.

வால் போடுபவர்களுக்கு ஒன்று. “இன்னும் அரை மணியில் ரீபூட்” என்று எழுதாதீர்கள். அந்த வரியை ஒருவர் எப்போது பார்ப்பார் என்று தெரியாது. முக்கால் மணி கழித்துப் பார்ப்பவரும் இன்னும் அரை மணி இருப்பதாக நினைத்து டீக்குப் போவார். “மாலை 5.30-க்கு ரீபூட்” என்று கடிகார நேரத்தைப் போடுங்கள். சர்வர் கடிகாரம் யூடிசியில் ஓடுகிறதா, இந்திய நேரத்தில் ஓடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாலின் தலைப்பில் சர்வரின் நேரம்தான் விழும். கீழே நீங்கள் எழுதிய நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம் இருந்தால், எதை நம்புவது என்று 40 பேர் ஒரே நேரத்தில் உங்களுக்கு ரைட் போடப் பார்ப்பார்கள்.